தனியே படகில் போகலாமா?

"தனியாகவா? வேண்டவே வேண்டாம்!"

ஒரு வாரம் படகில் தனியே போய் வருகிறேன் என்று யாராவது சொன்னால், வீட்டில் முதலில் கிளம்பும் குரல் இதுதான். இங்கிலாந்திலும் இப்படித்தான். அங்கே வீட்டார் மட்டும் சொல்வதில்லை. படகை வாடகைக்கு விடுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். "குறைந்தது 2 பேராவது வர வேண்டும். தனி ஆளுக்குப் படகு கிடையாது" என்பது பல நிறுவனங்களின் சட்டம்.

இது சரியா?

பாதி சரி. பாதி தவறு. எது சரி, எது தவறு என்று பார்க்க வேண்டுமானால், அந்தக் கால்வாயையும் படகையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடக்கிற வேகம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2 ஆயிரம் மைல் நீளத்துக்குக் கால்வாய்களும் ஆறுகளும் ஒரே அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கின்றன. பெரும்பாலான கால்வாய்கள் 200 ஆண்டுகளுக்கு முன்பு மண்வெட்டியால் வெட்டியவை. நிலக்கரி கொண்டு போவதற்காக வெட்டினார்கள். கரையில் குதிரை நடக்கும். கயிற்றால் படகை இழுக்கும். குதிரை நடந்த பாதை இன்றும் கரையோரம் இருக்கிறது. இப்போது அதில் நாயைக் கூட்டிக்கொண்டு ஜனங்கள் நடக்கிறார்கள்.

இந்தக் கால்வாய்களுக்கென்றே உள்ள படகு விசித்திரமானது. அகலம் 7 அடிக்கும் குறைவு. நீளமோ 30 அடியில் இருந்து 70 அடி வரை! ரயில் பெட்டியை ஒடுக்கித் தண்ணீரில் விட்டதுபோல இருக்கும். உள்ளே அடுப்பு, கட்டில், குளியல் அறை எல்லாம் உண்டு. மணிக்கு 4 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அதாவது, கரையில் விறுவிறு என்று நடக்கிறவர் படகை முந்திவிடுவார்.

ஆக்ஸ்போர்டு கால்வாய் இவற்றில் பழையது. 1769-ல் வேலை தொடங்கி, 1790-ல் ஆக்ஸ்போர்டு நகரம் வரை வந்து முடிந்தது. நீளம் 78 மைல். ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற எஞ்சினீயர் திட்டம் போட்டார். மேட்டைக் குடைந்து, பள்ளத்தை நிரப்பி, நேராக வெட்டினால் செலவு அதிகம். ஆகவே மேடு வந்தால் அதைச் சுற்றி வளைத்துக் கால்வாயைக் கொண்டு போனார். கிளேடன் என்ற ஊருக்கு வடக்கே 11 மைல் தூரம் கால்வாய் ஒரே மட்டத்தில் ஓடுகிறது. நேர்க்கோட்டில் அளந்தால் அதில் பாதித் தூரம்கூட இல்லை! காலையில் வலது பக்கம் தெரிந்த குன்று, மத்தியானம் இடது பக்கம் தெரியும்.

அதே வழியில் "சுரங்கம்" என்று பெயர் உள்ள ஓர் இடம் வருகிறது. போய்ப் பார்த்தால் மேலே வானம்தான் தெரியும். 19-ம் நூற்றாண்டில் சுரங்கத்தின் கூரையை எடுத்துவிட்டார்கள். பெயரை மட்டும் எடுக்கவில்லை.

இலை உதிரும் காலம்

கோடையில் இந்தக் கால்வாயில் படகுகள் வரிசை பிடித்து நிற்கும். பள்ளிக்கூடம் திறந்ததும் கூட்டம் குறைந்துவிடும். அக்டோபரில் கால்வாய் அமைதியாகிவிடும். கரை மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறும். காலையில் தண்ணீரின் மேல் பனிப்புகை எழும். நாரை அசையாமல் நிற்கும். மீன்கொத்தி நீலக் கோடுபோலப் பாயும். வேலிச் செடிகளில் பழங்கள் சிவந்து தொங்கும். எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. தனிமையை விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

ஆனால் இலை உதிர் காலத்துக்கு உரிய தொல்லைகளும் உண்டு.

உதிர்ந்த இலை தண்ணீரில் மிதக்கும். படகின் அடியில் சுழலும் விசிறியில் அது சுற்றிக்கொள்ளும். படகு சோர்ந்துவிடும். கொஞ்ச நேரம் எஞ்சினைப் பின்பக்கமாக ஓடவிட்டால் இலை கழன்று போகும். இலைக்குப் பதிலாகக் கயிறோ கந்தல் துணியோ சுற்றியிருந்தால் கையால்தான் எடுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே தண்ணீருக்குள் கை விட வேண்டும். தனியே போகிறவர் இதை ஒரு தடவைகூட மறக்கக் கூடாது.

குளிருக்காகப் படகுக்குள் கரி அடுப்பு எரியும். ஜன்னலையும் காற்றுத் துவாரத்தையும் அடைத்துக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேர்ந்துவிடலாம். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். 2 பேர் இருந்தால் ஒருவருக்குத் தலைவலி என்றதும் மற்றவர் கதவைத் திறப்பார். தனி ஆளுக்கு அந்தத் துணை இல்லை. மணி அடித்து எச்சரிக்கும் கருவிதான் துணை. தங்கும் அறை உள்ள படகுகளில் இந்தக் கருவி இருக்க வேண்டும் என்று 2019 முதல் விதி இருக்கிறது.

தண்ணீருக்கு மாடிப்படி

உண்மையான சோதனை வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு "லாக்" என்று பெயர்.

மேட்டு நிலத்தில் ஏற மனிதனுக்கு மாடிப்படி வேண்டும் அல்லவா? படகுக்கு அதுபோன்ற படிதான் லாக். நீளமான கல் தொட்டி. இரு முனையிலும் கனமான கதவுகள். மேலிருந்து கீழே இறங்க வேண்டுமானால், தண்ணீர் நிறைந்த தொட்டிக்குள் படகை விட்டு, பின் கதவை மூட வேண்டும். முன்னால் உள்ள மதகைத் திறந்தால் தண்ணீர் வெளியேறும். படகு மெதுவாக இறங்கும். பிறகு முன் கதவைத் திறந்து வெளியே போக வேண்டும்.

2 பேர் இருந்தால் ஒருவர் படகில் நிற்பார். ஒருவர் கரையில் கதவையும் மதகையும் கவனிப்பார். தனி ஆள் என்ன செய்வார்? படகைக் கரையில் கட்ட வேண்டும். நடந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும். திரும்பி வந்து படகை உள்ளே ஓட்ட வேண்டும். மீண்டும் கரை ஏற வேண்டும். ஒரு கையில் கயிறு. மறு கையில் மதகைத் திறக்கும் இரும்புச் சாவி. படகு இறங்கி வெளியே வந்ததும் அதைக் கட்டிவிட்டுத் திரும்பவும் ஓடிப் போய்க் கதவை மூட வேண்டும். காலடியில் ஈரமான இலை. பக்கத்தில் ஆழமான தொட்டி.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மேல் கதவுக்குக் கீழே, தொட்டிக்குள் ஒரு கல் திட்டு நீட்டிக்கொண்டு இருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. படகு சற்றுப் பின்னால் நின்றுவிட்டால், தண்ணீர் வடியும்போது அதன் வால் பகுதி திட்டின் மேல் உட்கார்ந்துவிடும். தலைப் பகுதி மட்டும் இறங்கும். படகு சரிந்து, தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். சில நிமிஷத்தில் மூழ்கிவிடும். உடனே மதகை மூடி, மேலிருந்து தண்ணீரை விட்டால் தப்பலாம். கவனிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் இவர் ஒருவரே!

தூக்குப் பாலம் ஒரு வேடிக்கையான தொல்லை. சில இடங்களில் பாலத்தைத் தூக்கும் கருவி எதிர்க் கரையில் இருக்கும். தனி ஆள் இந்தக் கரையில் படகைக் கட்டிவிட்டு, பாலத்தின் மேல் நடந்து அக்கரைக்குப் போய்ப் பாலத்தைத் தூக்குவார். பாலம் ஜோராக மேலே போகும். படகு இக்கரையில், அவர் அக்கரையில்! படகுக்குத் திரும்பிப் போகப் பாலம் ஏது? நாயோடு நடந்து வருகிற யாராவது உதவினால்தான் உண்டு. இப்படி உதவி செய்ய அந்த ஊர்க்காரர்கள் தயங்குவதில்லை.

ஆகவே, படகு விடுகிறவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அனுபவம் இல்லாத ஒருவர் கையில் 15 டன் எடையுள்ள படகைத் தனியே கொடுப்பது தவறு. அது காலை நீட்டி நிறுத்தக் கூடிய வண்டி அல்ல.

படகே வீடாக இருந்தது

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் படகுகள் ஒரு காலத்தில் குடும்பமே சேர்ந்து ஓட்டிய படகுகள். ரயில் வந்து கூலி குறைந்ததும், படகுக்காரர்கள் வேறு ஆள் வைத்துக்கொள்ள முடியாமல், மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். சுமார் 10 அடி நீள அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. மனைவி சுக்கான் பிடித்தாள். சிறுவன் குதிரையை நடத்தினான். படகு ஓரிடத்தில் நிற்காததால் குழந்தைகள் பள்ளிக்கூடமே பார்க்கவில்லை. அவர்களுக்காக 1877-லும் 1884-லும் சட்டங்கள் வந்தன. அப்படியும் 20-ம் நூற்றாண்டில்கூட எழுத்து அறியாத படகுக்காரர்கள் பலர் இருந்தார்கள்.

கதவு திறக்க ஒருவர், படகு ஓட்ட ஒருவர் என்று லாக்கில் வேலை பிரிந்து இருக்கிறது. பலர் இருந்த காலத்தில் பழகிய முறை.

லாரியும் ரயிலும் சரக்கைப் பறித்துக்கொண்டபோது கால்வாய்கள் தூர்ந்து போயின. 1939-ல் எல்.டி.சி. ரோல்ட் என்ற எஞ்சினீயர் ஆக்ஸ்போர்டு கால்வாயில் உள்ள பான்பரி நகரில் இருந்து மனைவியுடன் படகில் புறப்பட்டார். அந்தப் பயணத்தை 1944-ல் புத்தகமாக வெளியிட்டார். படித்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். 1946-ல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் பிறந்தது. உல்லாசப் படகுகளுக்காகக் கால்வாய்களைக் காப்பாற்ற 1968-ல் சட்டம் வந்தது. 2012-ல் அரசாங்கம் கால்வாய்களை அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அரசு தரும் உதவித் தொகை 2027-க்குப் பிறகு ஆண்டுதோறும் குறையும் என்று 2023-ல் அறிவித்தார்கள். இனி படகில் வருகிறவர்களும் நடக்கிறவர்களும்தான் கால்வாய்க்கு ஆதரவு.

துணை இல்லாதவருக்கு விடுமுறை இல்லையா?

இந்த நிலையில், வருகிற ஒருவரைத் தனி ஆள் என்பதற்காகத் திருப்பி அனுப்புவது என்ன கணக்கு?

தனியே போக விரும்புகிறவர்கள் எல்லோரும் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் அல்ல. மனைவியை இழந்தவர் இருப்பார். கணவனை இழந்தவர் இருப்பார். பிள்ளைகள் வேறு ஊருக்குப் போய்விட்டவர் இருப்பார். 30 ஆண்டு துணையோடு படகில் போய்ப் பழகியவரிடம், "துணை இல்லை, ஆகவே படகும் இல்லை" என்று சொல்வது கொடுமை. அவருக்கு வேலை தெரியும். ஆள் எண்ணிக்கையைக் கேட்கிறவர்கள், வேலை தெரியுமா என்று கேட்கவில்லை. தவறு இங்கேதான் இருக்கிறது.

படகு ஓட்ட அந்த நாட்டில் பயிற்சி தருகிறார்கள். ஓரிரண்டு நாளில் முடிந்துவிடும், சான்றிதழும் உண்டு. அதைக் கேட்கலாம். ஒரு லாக்கைத் தனியே கடந்து காட்டச் சொல்லலாம். காட்டினால் படகைக் கொடுக்கலாம். 60 அடிப் படகு வேண்டாம். 35 அடிப் படகு போதும். அது லாக்கில் கல் திட்டை விட்டு வெகு தூரம் முன்னால் நிற்கும்.

அவசரக்காரருக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. "ஒரு வாரத்தில் ஆக்ஸ்போர்டு போய்த் திரும்ப வேண்டும்" என்று நிமிஷத்தை எண்ணுகிறவர்தான் லாக்கில் தாவிக் குதிப்பார், வழுக்கி விழுவார்.

வீட்டாரும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். போகிறவர் உயிர் காக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டே லாக்கில் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு மாலையும் படகைக் கட்டியதும் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். எந்த இடம் என்று சொல்வது சுலபம். கால்வாய்ப் பாலங்களில் எண் எழுதி இருக்கும். "இன்று ராத்திரி இந்த எண் பாலத்துக்குப் பக்கத்தில்" என்றால் போதும்.

முதல் தடவை தனியே போகிறவர் கிளேடனுக்கு வடக்கே உள்ள அந்த 11 மைலிலேயே 4 நாள் கழிக்கலாம். அங்கே லாக் ஒன்றுகூட இல்லை. வளைந்து வளைந்து போய், திரும்பி வரலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதற்குப் பிறகு மாலை 5 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வாடகைப் படகு இருட்டில் ஓடக் கூடாது. ஆகவே 4 மணிக்கே படகைக் கட்டி, அடுப்பை மூட்டிவிடுவது நல்லது.