ஜன்னலோரம் யாருக்கு?

விமானத்தில் இடம் பதிவு செய்யும்போது, "ஜன்னலோரம் வேண்டும்" என்று கேட்பவர்கள் அநேகர். "எந்தப் பக்கத்து ஜன்னல்?" என்று யோசிப்பவர்கள் மிகச் சிலரே. கிடைத்த இடத்தில் உட்கார்ந்து விடுகிறோம். ஊர் திரும்பிய பிறகு அடுத்த வீட்டு மாமி, "இமயமலை தெரிந்ததா?" என்று கேட்கும்போதுதான், அது எதிர்ப் பக்கத்து ஜன்னலில் தரிசனம் தந்து கொண்டிருந்த சங்கதி தெரிய வருகிறது!

ஆகையால், சகோதரிகளே, டிக்கெட் வாங்குமுன் குழந்தையின் தேசப் படத்தை மேஜை மேல் விரியுங்கள். டார்ஜிலிங் போவதாக வைத்துக் கொள்வோம். இறங்க வேண்டிய விமான நிலையம் பாக்டோக்ரா. கொல்கத்தாவிலிருந்து போனால் விமானம் வடக்கு நோக்கிப் பறக்கும். மலை நேர் எதிரே. அந்தப் பாக்கியம் விமானிக்குத்தான்! டில்லி வழியாகப் போனால், கிழக்கு நோக்கி, மலைத் தொடரை ஒட்டினாற்போல் சுமார் இரண்டு மணி நேரப் பிரயாணம். கிழக்கே பார்த்து நின்றால் வடக்கு எந்தக் கைப் பக்கம்? இடது கை அல்லவா? எனவே போகும்போது இடது ஜன்னல். திரும்பும்போது வலது ஜன்னல். வரிசைக்கு ஆறு இடங்கள் உள்ள விமானத்தில் இடது ஓரம் 'ஏ', வலது ஓரம் 'எஃப்'.

இன்னும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நடு வரிசைகளில் உட்கார்ந்தால் இறக்கைதான் தெரியும். அதற்குச் சற்றுப் பின்னால் என்றால், எஞ்சினின் வெப்பக் காற்றில் காட்சி கலங்கும். இறக்கைக்கு முன்னால் கிடைத்தால் உத்தமம். சில விமானங்களில் ஓரிரு ஜன்னலோர இடங்களுக்கு ஜன்னலே இராது, வெறும் சுவர்தான்! இடங்களின் படத்தை முன்கூட்டியே பார்த்து விடுங்கள். மழைக் காலத்தில் மேகம் எல்லாவற்றையும் மூடிவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் தெளிந்திருக்கும்; வெயிலும் வலது பக்கம்தான் விழும்.

பாக்டோக்ரா சேர்வதற்கு முந்திய அரை மணி நேரம் கண்ணை மூடாதீர்கள். 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட், நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் நிற்பதால் சிறியதாகத்தான் தெரியும். உச்சியிலிருந்து வெண்புகைபோல் காற்றில் பறக்கும் பனியைக் கொண்டு பல நாட்களில் அதை அடையாளம் காணலாம். அதன் வலப்புறம் மகாலு. பிறகு 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா. படம் எடுக்க விரும்பினால், புடவைத் தலைப்பால் ஜன்னலைச் சுற்றி மறைத்துக் கொள்ளுங்கள். கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாது.

இந்தக் காட்சிக்காக உயிரைப் பணயம் வைத்தவர்கள் உண்டு. 1933 ஏப்ரல் 3-ந் தேதி, பீகாரிலுள்ள பூர்ணியாவிலிருந்து இரண்டு சிறிய விமானங்கள் முதன் முதலாக எவரெஸ்டுக்கு மேலே பறந்தன. படம் பிடிக்கப் போன பானெட் என்பவரின் பிராணவாயுக் குழாய் நடுவானில் உடைந்து போயிற்று. கைக்குட்டையால் அதைச் சுற்றிக் கட்டியும் மயங்கி விழுந்தார். விமானம் கீழே இறங்கிய பிறகே தெளிந்தார். இந்தச் சாகசத்துக்குப் பணம் கொடுத்தவர் ஒரு பெண்மணி: இங்கிலாந்தின் லேடி ஹூஸ்டன். பறந்த நால்வரும் ஆண்கள். பணம் கொடுத்த சீமாட்டி அந்தச் சிகரத்தை அருகே பார்க்கவில்லை.

நம் வீட்டுக் கதையும் ஏறக்குறைய இதுதானே? பாத்திரம் பாத்திரமாக முறுக்குச் சுட்டு, பெட்டி கட்டி, பிரயாணத்தையே நடத்தி வைப்பவள் அம்மா. விமானத்தில் ஏறியதும் ஜன்னலோரம் பிள்ளைக்கு, நடைபாதை ஓரம் கால் நீட்ட அவருக்கு, நடு இடம் பையுடன் அம்மாவுக்கு! குழந்தைக்கு விட்டுக் கொடுக்க வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் மலை போகும்போதும் இருக்கிறது, வரும்போதும் இருக்கிறது. போகும்போது 'ஏ' குழந்தைக்கு. வரும்போது 'எஃப்' உங்களுக்கு. இரண்டையும் ஒரே நாளில் பதிவு செய்து விடுங்கள். "அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டால், அந்த நடு இடம் உங்களுக்காகத்தான் காத்திருக்கும்!