புக்கி வாசலில் ஒரு சம்பள நாள்
மாலை ஆறு மணி. இங்கிலாந்தில் அப்போதுதான் நண்பகல் தாண்டியிருக்கும். கொழும்பில், கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பந்தயக் கடை, அதாவது புக்கி, ஒன்றில் அங்கே நடக்கும் குதிரைப் பந்தயத்தை டிவியில் அண்ணாந்து பார்த்தபடி நிற்பவர்களில் பலர், பகல் முழுக்கப் புறக்கோட்டையில் மூட்டை சுமந்த நாட்டாமிகள். அஸ்கொட் பந்தய மைதானம் எந்தத் திக்கில் இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. எந்தக் குதிரையில் எந்த ஜொக்கி என்பது மனப்பாடம். 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்த முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தை இத்தனை காலம் கட்டிக்கொண்டிருந்தோம், அது போகட்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புக்கிகளிடம் வரி வாங்கிவந்த அரசு, உள்ளே நிற்பவன் வீட்டுக்கு என்ன கொண்டுபோகிறான் என்று கேட்கவேயில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கசினோவுக்குள் போக உள்ளூர்வாசி டொலர்க் கணக்கில் நுழைவு வரி கட்டவேண்டும். புக்கிக்குள் நுழைய அன்றைய கூலி போதும். வருமானத்தைப் பெருக்குவதும் சமூகப் பாதிப்பைக் குறைப்பதும் புதிய அதிகாரசபையின் இரண்டு வேலைகளாம். முதலாவதற்குத் திறைசேரி இருக்கிறது. இரண்டாவதற்கு ஆள் வேண்டும். அதன் அலுவலர் ஒருவர் சம்பள நாளன்று இங்கே வந்து நிற்கட்டும். இடுப்பில் பிள்ளையோடு வாசலுக்கு வெளியே காத்திருக்கும் பெண்ணிடமும் பேசட்டும்.