உபயத்தில் வடிகால் வெட்டியவர் உண்டா?

புத்தூருக்குச் சோலைவரி வேண்டாமாம். கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் ஊரவர் உபயம் செய்ய, பிரதேச சபை எதற்குச் சனத்தின் மடியில் கைவைக்கிறது என்று கேட்டு நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். வாசிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. வரி கட்டாதே என்பவனுக்கு எந்த ஊரிலும் கைதட்டு விழும்.

அவர் ஒருக்கால் ஊரைச் சுற்றி நடந்து, உபயகாரர் பெயர் வெட்டிய கற்களை எண்ணட்டும். கோயில் மண்டபத்தில் இருக்கும், பள்ளிக்கூட வாசல் வளைவில் இருக்கும். பிறகு வீதியோரத்து மதகுக்குள் குனிந்து பார்க்கட்டும். அங்கே எவர் பெயரும் இராது. வடிகாலில் கல் பதித்தால் யார் வாசிப்பது? வீதி விளக்கு என்றால் பூட்டித்தர ஆள் வரும், படமும் முகநூலில் வரும். ஆறு மாதத்தில் பல்ப் எரிந்துபோனால் ஏணியோடு வரவேண்டியது சபையின் தொழிலாளிதான்.

மெக்சிக்கோவையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். பாதிக் கதைதான் சொல்கிறார். சகாத்தேகாஸ் மாநிலத்தில் வேர்விட்டு 2002இல் நாடு முழுக்கப் பரவிய அந்தத் திட்டத்தின் பெயரே ‘ஒன்றுக்கு மூன்று’. புலம்பெயர்ந்தவர் ஒரு பேசோ போட்டால் மத்திய அரசு, மாநில அரசு, நகரசபை மூன்றும் ஆளுக்கொரு பேசோ போடவேண்டியிருந்தது. நண்பரின் திட்டத்தில் சபையிடம் போடுவதற்கு ஒரு சதமும் மிஞ்சாது.

‘தோட்டம் செய்கிற ஊரில் வரிக்கு எங்கே போவது’ என்கிறார். பரப்பு என்ன விலை போகிறது என்று நொத்தாரிசு ஒருவரைக் கேட்டிருக்கலாம். காணி விலைக்குக் கைமாறும்போது முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் முத்திரைத் தீர்வை. மாகாணம் வாங்கினாலும் அது காணி கிடக்கும் சபைக்குச் சேரவேண்டிய காசு. சோலைவரி அறவிடும் அதிகாரத்தை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தந்திருக்கிறது. காணி விலையை ஏற்றிவிட்டதும் அவர் புகழ்கிற அதே வெளிநாட்டுக் காசுதான்!

அவர் தொடாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் ஆளில்லாத குறிச்சிக்கு யார் உபயம்? குடிமனைகளுக்கு நடுவே கிடந்த கிந்துசிட்டி மயானத்தை அகற்றக் கேட்டு 2017இல் புத்தூரின் கலைமதிக் கிராமத்து ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் போராடியது. ரொறன்ரோவில் கூடும் ஊர்ச்சங்கத்தில் அந்தச் சனத்துக்குக் கதிரை கிடைக்குமா என்பதை நண்பரே சொல்லட்டும். சாதி கடல் தாண்டாது என்று நம்புகிறவர்போலும். சபையில் அவர்களுக்கு வாக்கு இருக்கிறது. கேட்டது கிடைக்காவிட்டாலும், கேட்க ஓர் இடம் இருக்கிறது.

‘சபை காசைத் தின்றுவிடும்’ என்பது அவருடைய கடைசி அம்பு. தின்னலாம், இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் சபைக் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகத்தின் ஆட்கள் வந்து கிண்டுவார்கள். போன திருவிழாவுக்கு வட்ஸ்அப் குழுவில் சேர்த்த காசின் கணக்கை நண்பர் யாரிடம் கேட்டார்?