ஒரு வாரம், ஒரே கணக்கு

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 52-இல் 27-ஐக் கழிக்கச் சொன்னால், பல நேரம் 35 என்று விடை வரும். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறது குழந்தை. இது கவனக்குறைவு அல்ல. பத்து என்பது பத்து ஒன்றுகளின் கட்டு என்பது இன்னும் மனதில் பதியவில்லை. திங்களன்று ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டவும், செவ்வாயன்று ஒரு கட்டைப் பிரித்துக் கழிக்கவும் விட்டு, புதனன்று அதையே படமாக வரையச் செய்து, பிறகு எண்களுக்கு வந்தால், வெள்ளிக்குள் பலருக்கும் பிடிபட்டுவிடும். ஒரு வாரம் முழுக்க ஒரே கணக்கா என்று யாரும் அலுத்துக்கொள்ளக் கூடாது. இந்த அடித்தளம் ஆடினால் ஐந்தாம் வகுப்பில் வகுத்தலும் ஆடும். இத்தகைய அடித்தளத்துக்காக 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்தது. எந்த வகுப்பு என்பதைவிட எந்த நிலை என்று பார்க்கும் அந்த எண்ணம் சரியானது. ஆனால் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளியில், மதிப்பீட்டு விவரங்களைக் கைப்பேசிச் செயலியில் பதிவதும் அவர் தலையிலேயே விழுந்தால், பிள்ளையின் அருகில் உட்கார நேரம் ஏது? பதிவு வேலையைக் குறைத்து, அந்த நேரத்தை அரசு வகுப்பறைக்குத் திருப்பித் தர வேண்டும். பெற்றோரே, எத்தனை பக்கம் முடிந்தது என்று கேட்பதை விட்டு, இந்த வாரம் கற்றதில் ஒன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.