ஏவலும் காவலும்

ஏவுவோன் தெளிவாக எண்ணாததை ஏவலாளன் செவ்வனே செய்துமுடித்தல் யாண்டும் இல்லை. மாந்த ஏவலாளனுக்கே பொருந்தும் இவ்வுண்மை, நிரல் எழுதும் செயற்கை அறிவுக் கருவிக்குப் பன்மடங்கு பொருந்தும். அக் கருவி, எளிய சொற்களில் இட்ட பணியை ஏற்றுத் தானே கோப்புகளைத் திறக்கிறது, திருத்துகிறது, அழிக்கவும் செய்கிறது. ஆயின், ஒரு பணியமர்வு முடிந்து மற்றொன்று தொடங்குங்கால், நேற்றுச் சொன்னவை தாமாக அதன் நினைவில் நில்லா.

இக் குறையை நிரப்பவே, திட்டந்தோறும் நெறியேடு ஒன்றை எழுதிவைக்கும் வழக்கம் எழுந்தது. கிளாடு கோடு என்னும் கருவி 'கிளாடு.எம்டி' என்னும் கோப்பைத் தொடக்கத்திலேயே படித்துக்கொள்கிறது. வேறு பல கருவிகள் 'ஏசெண்ட்சு.எம்டி' என்னும் பொதுப்பெயர்க் கோப்பைப் படிக்கின்றன. எந்தக் கோப்பைத் தொடலாகாது, பெயர்களை எம்முறையில் இடுவது என்பன அதன்கண் எழுதப்பெறும்.

நூற்குற்றங்கள் பத்தென வகுத்தது நன்னூல். அவற்றுள் மூன்று இவ்வேடுகளில் மலிந்து கிடக்கின்றன.

முதலாவது, குன்றக் கூறல். 'நல்ல நிரலாக எழுதுக' என்பது நெறியன்று, வெறும் விருப்பம். 'ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் பிழையறி நிரல்களை இயக்குக. ஒன்று தவறினும் பணி முடிந்ததெனச் சொல்லற்க' என்பதே நெறி. அதன் கரணியத்தையும் ஒரு வரியில் சேர்த்தல் இன்னும் நன்று.

இரண்டாவது, மிகைபடக் கூறல். கருவி ஒரு நேரத்தில் கருத்திற்கொள்ளும் சொற்பரப்பு எல்லைக்குட்பட்டது. நிரலைப் பார்த்தே அறியத்தக்கவற்றையும் எழுதி ஏட்டை நீட்டினால், இன்றியமையாத நெறி கூட்டத்துள் மறைந்துபோம்.

மூன்றாவது, மாறுகொளக் கூறல். மேல்வரி 'பழைய பகுதிகளைத் தொடற்க' என்றும், கீழ்வரி 'பயன்படாப் பகுதிகளை நீக்குக' என்றும் சொன்னால், இரண்டுள் ஒன்றைக் கருவியே தேர்ந்துகொள்ளும். தேர்ந்ததைச் சொல்லாமலும் விடக்கூடும்.

இக் குற்றங்கள் நீங்கிய ஏடும் வேலியாகிவிடாது. 2025 சூலையில், அமெரிக்கத் தொழில்முனைவர் சேசன் இலெம்கின், இரெப்ளிட் நிறுவனத்தின் கருவியைக் கொண்டு மென்பொருள் ஒன்றை ஆக்கிவந்தார். மாற்றம் எதுவும் செய்யலாகாதெனத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். கருவியோ, நடைமுறையிலிருந்த தரவுத்தளத்தையே அழித்தது. 1,200-க்கு மேற்பட்ட நிறுவனத் தலைமையாளர்களைப் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. மீட்டல் இயலாதென்றும் அது உரைத்தது. முயன்றபோது மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் வருந்தி, ஆக்கப்பணிக்குரிய தரவையும் நடைமுறைத் தரவையும் பிரித்துவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

இவ்வேற்பாடு ஊன்றி நோக்கத்தக்கது. 'அழிக்கற்க' என்பதை இன்னும் பெரிய எழுத்தில் எழுதுவது தீர்வாகவில்லை. நடைமுறைத் தரவைக் கருவியின் கைக்கெட்டாமல் விலக்குவதே தீர்வாயிற்று. ஏனெனில், நெறியேடு கருவிக்குச் சட்டமன்று. அது படிக்கும் சொற்களுள் ஒரு பகுதியே. பெரும்பாலும் அதன்வழி நடக்கும். எப்பொழுதும் நடக்கும் என்னும் உறுதியில்லை. சொல்லால் ஆவது வேறு. பூட்டால் ஆவது வேறு.

கருவி மேலும் கூர்மையுற்றால் இக் கவலை தீரும் என்பார் உளர். கூர்மை மிகுந்த கத்திக்கன்றோ உறை மிகவும் வேண்டும்!

'கருவி பிழைசெய்தது' என்று கைகழுவுதல் ஆண்மையாகாது. ஏவியவன் மாந்தன், திறவுகோல் கொடுத்தவனும் மாந்தன், பழியும் அவனதே. ஆகலின், நெறியைச் சுருங்கவும் தெளியவும் எழுதுக. பிழை நேருந்தோறும் ஏட்டைத் திருத்துக. மீளாக் கேடு விளைப்பவற்றைச் சொல்லிடம் ஒப்படையாது பூட்டிவைக்க. ஏவல் எத்துணைச் செப்பமாயினும், காவல் இல்லையேல் அது பாதிப் பணியே என்க.