தூங்கும் கிருமிக்குச் சர்க்கரை

மாத்திரை முடிந்தது, எரிச்சலும் நின்றது. சில வாரங்களில் மீண்டும் அதே சிறுநீர்த் தொற்று. மருந்தை எதிர்க்கும் கிருமிதான் காரணம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. சில கிருமிகள் எதிர்ப்பதில்லை; தூங்கிவிடுகின்றன.

ஜோசப் பிக்கர் 1944-லேயே இதை எழுதினார். பென்சிலினில் ஸ்டஃபைலோகாக்கஸ் கூட்டமே அழிந்தும் ஒரு சில பிழைத்தன. செல் சுவர் கட்டுவதைக் கெடுப்பதுதான் பென்சிலினின் வேலை; கட்டாமல் படுத்திருப்பவனை அது என்ன செய்யும்? மருந்தை இடையில் நிறுத்தி, விழித்தெழும் கிருமிகளை அடுத்த டோஸில் கொல்லலாம் என்றார் பிக்கர். துணிச்சலான யோசனைதான். இடைவெளியில் அவை பெருகிவிட்டால்?

2011-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் காலின்ஸ் குழுவினர் அரைத் தூக்கத்தில் மட்டும் எழுப்பிப் பார்த்தார்கள். மானிட்டால் என்ற சர்க்கரை இனப் பொருளை ஊட்டியதும் ஈ.கோலை கிருமியின் சவ்வில் மின்விசை ஏறியது. அதோடு ஜென்டாமைசினும் உள்ளே இழுக்கப்பட்டது. கிருமி பெருகத் தொடங்கவில்லை, செத்தது. சுண்டெலிகளின் நாள்பட்ட சிறுநீர்த் தொற்றிலும் வெறும் ஜென்டாமைசினைவிட இந்த ஜோடி நன்றாக வேலை செய்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் சர்க்கரைத் தண்ணீர் கலக்கக் கிளம்ப வேண்டாம். ஜென்டாமைசின் சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கக்கூடியது. டாக்டரின் கண்காணிப்பில் போட வேண்டிய ஊசி.