பழைய கணினிக்குப் புத்துயிர் அளிப்போம்

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது கல்வி நம் இல்லங்களுக்கே வந்தது. எனினும் பல வீடுகளில் ஒரே கைப்பேசிக்காகப் பிள்ளைகள் காத்திருந்தனர். அந்நிலை மீண்டும் வருதல் ஆகாது.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கணினியை அப்படியே இணையத்தில் இணைப்பது தீங்கு. அதற்காக அதனைக் குப்பையில் எறிந்து, தவணைக் கடனில் புதியது வாங்க வேண்டுவதில்லை என்பதே எம் கருத்து.

சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தி, நினைவகத்தை 8 கிகாபைட்டாக உயர்த்தி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவினால், பத்தாண்டுப் பழமையான கணினியும் பெரும்பாலும் பாடத்திற்கு உதவும். சுவர்களைக் கடக்கையில் கம்பியில்லா இணைப்பு வலுவிழக்கும். ரவுட்டரிலிருந்து இழுக்கும் கேட் 5இ கம்பியோ, 100 மீட்டர் வரை நொடிக்கு 1,000 மெகாபிட் தாங்கும். ஓர் இணைய இணைப்பை அண்ணனும் தங்கையும் ஒருங்கே பயன்படுத்தலாம்.

பெற்றோர்களே! புதியது வாங்குமுன் பழையதை ஆராய்ந்து பாருங்கள். மாணவச் செல்வங்களே! மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பெரியோர் துணையுடன் இப்பணியைப் பழகுங்கள். கடனில் வந்த புதுமையினும் கைத்திறனால் உயிர்பெற்ற பழமையே நமக்குப் பெருமை.